பழைய இரும்போடு கதிரியக்கப் பொருள் வந்துவிடாமல் பார்ப்பது எப்படி?

தோட்டத்தை ஒட்டிய பட்டணத்தில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலையைப் பிரிக்கிறார்கள், அந்த இரும்பை எடுக்கப்போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளக்கும் கருவிகளில் கதிரியக்கப் பொருள் இருக்கும், அதைத்தான் மூலம் என்பார்கள். லோரி ஏற்றும் முன்பே உரிமையாளரிடம் இந்த மூலங்களின் பட்டியலைக் கேளுங்கள். எந்தத் தனிமம், என்ன வரிசை எண், எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் இந்த மூலங்களைக் கையாளவே கூடாது. பட்டியலில் இருப்பது தொட்டியில் இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஆலை மூடும்போது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் போய்விடுகிறார், கணக்குக் கேட்க ஆள் இல்லை. மூலங்கள் தொலைவது இப்படித்தான்.

தொட்டியின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டிய, பெயின்ட் வாளி அளவு இரும்புக் கூட்டைத் தேடுங்கள். தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும், உள்ளே ஈயம். மூடித் திறக்க ஒரு கைப்பிடி இருக்கும். கதிர்வீச்சை எச்சரிக்கும் மூன்று இலைச் சின்னம் துருவில் மறைந்திருக்கலாம். உள்ளே சீசியம்-137 என்றால் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 30 ஆண்டுகள். 20 ஆண்டு பூட்டிக் கிடந்தாலும் ஐந்தில் மூன்று பங்கு வீரியம் அப்படியே இருக்கும்.

செம்பனை ஆலை பாய்லரின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் பெட்டி வேறு வகை. அதிலுள்ள இரிடியம்-192, 74 நாளில் பாதியாகிவிடும். ஆனால் பல பெட்டிகளில் காப்புச்சுவரே செறிவு குறைந்த யுரேனியம். அது அரசு கணக்கு வைக்கும் அணுப்பொருள், காலிப் பெட்டியையும் ஈய விலைக்கு வாங்காதீர்கள்.

கதிர்வீச்சு மீட்டரைத் தூரத்திலேயே ஆன் செய்துவிட்டு, பிறகு கிட்டே போங்கள். சில மீட்டர்கள் கடும் கதிர்வீச்சில் திணறிப் பூஜ்யம் காட்டும். சாதாரண இடத்தில் மணிக்கு 0.1 - 0.2 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரும். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஏறினால் சந்தேகப்படுங்கள். சுமையின் நடுவில் இருப்பதைச் சுற்றியுள்ள இரும்பே மறைத்துவிடும், அதனால் கொட்டிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும்.

சந்தேகப் பொருளைக் கேஸ் வைத்து வெட்டவே கூடாது. 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகானில் மருத்துவக் கருவியின் தலைப்பகுதியைப் பழைய இரும்புக் கடையில் வெட்டினார்கள். உள்ளே கோபால்ட்-60. மூன்று பேர் இறந்தார்கள்.

சந்தேகப் பொருள் கிடைத்தால் எல்லாரையும் 30 மீட்டருக்கு அப்பால் விலக்கிவிட்டு 999க்கும் ஜபாத்தான் தெனாகா அத்தோமுக்கும் (அரசின் அணுசக்தித் துறை) சொல்லுங்கள். தொட்டவர்கள் கை கழுவும்வரை சாப்பிடவோ புகைக்கவோ கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. அவர்கள் பெயரை எழுதி வையுங்கள், மருத்துவர் கேட்பார்.