பூட்டு யார் கையில்?

கேள்வி: கோவையில் பம்ப் வடிவமைக்கிறோம். நால்வரும் ஒரே சர்வரில் உள்ள சாலிட்வொர்க்ஸ் (முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளில் வேலை செய்கிறோம். இம்பெல்லரை, அதாவது பம்பில் நீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தைத் திருத்தப் போனால் ‘படிக்க மட்டும்’ என்று வருகிறது. சக ஊழியரோ, “நான் எல்லா உறுப்புகளையும் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி கோப்பைத்தான் திறந்தேன், இம்பெல்லரைத் தொடவே இல்லை” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை ஐயா. அசெம்பிளியைத் திறந்தால், அதிலுள்ள உறுப்புகளை எழுதும் உரிமையும் அவர் பக்கம் போய்விடும். அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். அதுதான் பூட்டு. கணினி பாதியில் நின்றுபோனால் ஆள் போனாலும் பூட்டு தங்கிவிடும். யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியான பிறகே அதை அழியுங்கள்.

ஆப்ஷன்ஸில் ‘கொலாபரேஷன்’ பகுதியில் பலர் பயன்படுத்தும் சூழலை இயக்குங்கள். அதன்பின், திருத்தாத உறுப்பை ‘படிக்க மட்டும்’ என்று அவர் விட்டுக்கொடுக்கலாம், நீங்கள் எழுதும் உரிமையைப் பெறலாம். நீங்கள் சேமித்ததும் அவர் ‘ரீலோட்’ செய்ய வேண்டும்.

பொறுமையிழந்து ‘சேவ் ஆஸ்’ மட்டும் போடாதீர்கள். நான் ஒருமுறை அசெம்பிளி திறந்திருக்கும்போதே ஷாஃப்ட்டுக்கு (சுழல்தண்டு) ‘சேவ் ஆஸ்’ போட்டுப் புதுப் பெயர் கொடுத்தேன். அசெம்பிளி புதிய கோப்புக்கு மாறிவிட்டது. பழைய ஷாஃப்ட்டைத் திருத்திக்கொண்டிருந்த நண்பர் இரண்டு நாள் என்னோடு டீ குடிக்கவில்லை. நகல்தான் வேண்டுமென்றால் ‘சேவ் ஆஸ் காப்பி’ இருக்கிறது.