தேய்த்தால் போகாத கருப்பு: சருமம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: காலையும் மாலையும் சோப்பு போட்டு முகம் கழுவுகிறேன். வாரத்தில் மூன்று நாள் கடலை மாவில் எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்க்கிறேன். இப்போது தண்ணீர் பட்டாலே எரிகிறது. ஆபீஸ் ஏர்கோனில் கன்னம் இழுக்கிறது, மூக்கில் மட்டும் எண்ணெய் வழிகிறது. என்னுடையது வறண்ட சருமமா, எண்ணெய்ச் சருமமா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், சகோதரி. உங்கள் தோலின் மேல்சுவர் தேய்ந்துபோயிருக்கிறது.

தோலின் ஆக மேலே உள்ள படலத்தின் கனம் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான், எழுதும் தாளில் ஐந்தில் ஒரு பங்கு. தட்டையான உயிரற்ற செல்களைச் செங்கல்லாக அடுக்கி, இடையில் கொழுப்பைச் சாந்தாகப் பூசிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்ற கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உடம்பின் நீர் ஆவியாகிவிடாமல் பிடித்து வைப்பது இதுதான். மூக்கில் வழியும் எண்ணெய் வேறு. அது சுரப்பியிலிருந்து வருவது. எண்ணெய்க்கு ஒரு கணக்கு, நீருக்கு ஒரு கணக்கு. அதனால்தான் ஒரே முகத்தில் வழிசலும் இழுப்பும் சேர்ந்து வருகின்றன.

சாந்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கு லேசான புளிப்பு வேண்டும். புளிப்பை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். கட்டிச் சோப்பு 9, 10 என்று நிற்கும். சோப்பு போட்ட தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை சாந்து வேலை மந்தம். செல்களைப் பிணைத்திருக்கும் கண்ணிகளை அறுக்கும் நொதிகளுக்கோ வேகம் கூடிவிடும். அதன்மேல் மாவைப் போட்டுத் தேய்த்தால், உதிர வேண்டிய நாள் வராத செல்லும் கையோடு வந்துவிடும்.

புளிப்பு நல்லதென்றால் எலுமிச்சை ஏன் ஆகாது? அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் 10 மடங்கு. 5-இலிருந்து 2-க்கு இறங்கினால் 1000 மடங்கு புளிப்பு. லீமாவ் நீப்பிஸ் என்ற சிறு எலுமிச்சையில், வெயில் பட்டதும் தோலைச் சுடும் பொருளும் உண்டு. சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளம் கிளம்பி, பிறகு பழுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும்.

அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 வாரம், வயது கூடக் கூட இன்னும் அதிகம். ஆகவே 4 வாரத்துக்கு மாவு, எலுமிச்சை, ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர். இரவில் சோப்பு கலக்காத, பிஎச் 5.5 அளவுள்ள கிளென்சர், அரை நிமிடம் போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால் ஒற்றி, முகத்தில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். கிளிசரினும் செராமைடும் இருப்பது நல்லது. வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். ஏர்கோனில் உட்காருகிற நாள்களில் மதியம் இன்னொரு முறை பூசலாம். 4 வாரம் கழித்தும் எரிச்சல் நின்றபாடில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பசார் மாலாமில் வாங்கிய கிரீம் ஒரு வாரத்தில் முகத்தை வெளுப்பாக்கியது. நிறுத்தியதும் சிவந்து, பருக்கள் வந்து, முன்பைவிடக் கருத்துவிட்டது. மறுபடி பூசலாமா?
— வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரே வாரத்தில் வெளுக்கிறது என்றாலே பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தியதும் சிவந்து பருக்கள் கிளம்புவது ஸ்டீராய்டின் வழக்கம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய கையும் துண்டும் பட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். டப்பாவை எறியாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பாதரசம் என்று சந்தேகப்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

இனி வாங்கும்போது என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, 9 இலக்கங்கள் வந்து, கே என்று முடியும் நோட்டிபிகேஷன் எண்ணை, அதாவது அமைச்சிடம் பதிந்த எண்ணை, டப்பாவில் தேடுங்கள். எண்ணை யாரும் அச்சடித்துவிடலாம். சுகாதார அமைச்சின் மருந்து, அழகுப் பொருள் கண்காணிப்புப் பிரிவான என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, பொருளின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கருத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம் தோலில் அவை தயாரிக்கும் நிறமித் துகள்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவியவை. எரிச்சல் பட்டால் அந்தச் செல்கள் இன்னும் மும்முரமாகிவிடும். பருவின் தழும்பு கருப்பாக நிற்பது அதனால்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத்தவருக்குக் கருமையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிழிந்து பூசுங்கள். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில்; அதில் பாதியைப் பூசிவிட்டு முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, உடம்பு கொஞ்சம் பருமன். பின்கழுத்தில் கரும்பட்டை. நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பள்ளியில் "குளிக்க மாட்டியா" என்று கேலி செய்கிறார்களாம்.
— ஒரு தாய், கெப்போங்

பதில்: அது அழுக்கில்லை, அம்மா. முதலில் இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விரலால் தடவிப் பாருங்கள்; வெல்வெட் துணி போல் தடித்து, மடிப்பில் கோடு கோடாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியே இருக்கிறதா? இருந்தால், பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்ததன் அடையாளம் அது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதி தோல் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும். நாரை எடுத்து வைத்துவிடுங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) காட்டி, வெறும் வயிற்றில் சர்க்கரையும், சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். இனிப்புப் பானங்களைக் குறைத்து, தினமும் ஓடியாட விட்டு, எடை இறங்கினால் பட்டையும் மெல்ல மங்கும். மாதங்கள் ஆகும்.

கேள்வி: கிளினிக்கில் கொடுத்த அக்குவஸ் கிரீமைக் கை கால்களில் பூசிக்கொள்ளலாமா?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: சோப்புக்குப் பதிலாகத் தடவிக் கழுவ அது நல்லது. பூசி அப்படியே விட வேண்டாம். வழக்கமான அக்குவஸ் கிரீமில் சோடியம் லாரில் சல்பேட் என்ற அழுக்கு நீக்கும் பொருள் உண்டு. தங்கினால் நாம் காப்பாற்றப் பார்க்கும் சாந்தையே அது கரைக்கும். பூசி விடுவதற்கு வெள்ளை பாரஃபின் களிம்பைக் கேட்டு வாங்குங்கள். குதிகால் வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம், இரவில், கால் கழுவிய ஈரத்தோடு.