எண்ணெய் சாம்பிள் எடுக்கவா இவ்வளவு படிப்பு?

எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்த மகள், பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் இன்சுலேஷன் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையில் சேரப்போகிறேன் என்கிறாள், எண்ணெய் சாம்பிள் எடுக்கத்தானா படிக்கவைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் இந்த வேலையின் சூட்சுமமே அந்த எண்ணெயில்தான் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் வைண்டிங்கை, அதாவது கம்பிச் சுருளைச் சுற்றிக் காகிதம். அது ஊறிக்கிடப்பது எண்ணெயில். இரண்டும் சேர்ந்ததுதான் இன்சுலேஷன். உள்ளே எங்காவது அளவுக்கு மீறிச் சூடேறினாலோ பொறி தட்டினாலோ எண்ணெய் சிதைந்து, வாயுக்கள் அதிலேயே கரைந்து நிற்கும். பார்ஷியல் டிஸ்சார்ஜ், அதாவது இன்சுலேஷனுக்குள் சின்னச் சின்ன மின்கசிவு என்றால் ஹைட்ரஜன் கூடும். கடும் சூட்டுக்கு எத்திலீன். அசிட்டிலீன் தெரிந்தால் உள்ளே ஆர்க் (பெரும் மின்பொறி) அடிக்கிறதோ என்று பயப்பட வேண்டும். ஆனால் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சான டேப் சேஞ்சரின் அறையில் பொறி வழக்கம்; அந்த எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிந்தாலும் இதே அசிட்டிலீன் வரும்! எது உண்மை என்று பழைய ரிப்போர்ட்களைப் புரட்டி, மற்ற வாயுக்களோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும். இந்தத் துறை நிபுணர் மிஷேல் துவால் 1974-லேயே, வாயுக்களின் விகிதத்தை வைத்துப் பழுதின் வகையைச் சொல்ல முக்கோண வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்று வாயுவைத் தொடர்ந்து அளக்கும் ஆன்லைன் மானிட்டர்களும் இருக்கின்றன. ஆனாலும் ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஒரு ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சாம்பிள் எடுப்பதும் இளக்காரமான வேலை இல்லை. கண்ணாடி சிரிஞ்சில் காற்றுக்குமிழி நுழைந்தால் ஹைட்ரஜன் அதற்குள் போய்விடும், எண் குறைத்துக் காட்டும். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். நைந்த காகிதத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இவ்வளவு கவனம்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். இன்சுலேஷனின் தரத்தை அளக்கும் டேன் டெல்டா, மெக்கர் சோதனைகளை லைனைத் துண்டித்து, எர்த் செய்த பிறகுதான் தொடங்குவார்கள். ஆனால் டேன் டெல்டா கருவியே 10 கிலோவோல்ட் வரை கொடுக்கும். சீனியர் கூட வருவாரா, வேலை தொடங்க பெர்மிட் (அனுமதி) யார் தருவார் என்று சேருமுன் கேட்கச் சொல்லுங்கள். ஷட்டவுன் கிடைக்கும் நேரத்தில்தான் வேலை என்பதால் ராத்திரி, விடுமுறை பார்க்க முடியாது. அது பிடிக்காதவருக்கு இது ஒத்துவராது.

அப்புறம், முக்கியமாக ஒன்று. ரிப்போர்ட்டை அலசி எழுதும் வேலை எப்போது கைக்கு வரும் என்றும் கேட்கட்டும். தெளிவான பதில் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். கடைசி வரை சிரிஞ்சைத் தூக்குவது மட்டும்தான் என்றால், இதே துறையில் வேறு இடம் பார்க்கலாம்.