இடிமழைக்கு முன் அடிக்கும் காற்றும் கொட்டில் தகரமும்

தகரம் பறக்காமலிருக்கக் கொட்டிலின் தெற்குப் பக்கத்தை அடைக்கலாமா என்று கேட்டால், அதில் பிரயோசனமில்லை. ஆடிச் சோளகத்துக்கு, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக்கு, அசையாத உங்கள் மாட்டுக்கொட்டில் தகரம் சித்திரைப் பின்னேரத்தில், மழை விழ முன்பே பறந்ததென்றால், அது இடிமுகிலிலிருந்து இறங்கிய காற்றாகத்தான் இருக்கும். விழும் மழையில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகும். அதனால் குளிர்ந்து பாரமான காற்று நிலத்தில் மோதி நாலாபக்கமும் பாயும். முகில் நிற்கும் பக்கமிருந்து காற்று வரும். சோளகம் அப்படியல்ல, இலங்கையின் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வடக்கே வன்னிக்கு வறண்டு வரும், திசையும் பெரிதாக மாறாது.

கழன்ற இடத்தைப் பாருங்கள். ஆணி சிலாகையில் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) நிற்க, தகரத்து ஓட்டை மட்டும் கிழிந்திருந்தால் ஆணித்தலை சிறிது. சிலாகையே கிளம்பியிருந்தால் அதைக் கம்பத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். எங்கள் கொட்டிலில் இரண்டாவதுதான்: சிலாகையோடு தகரம் வேலிக்கு மேலே கிடந்தது, ஓர் ஆணிகூடக் கழரவில்லை!

அப்புறம், மூன்று பக்கம் அடைத்து ஒன்றைத் திறந்து விடாதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்.

புழுக்கத்துக்குள் திடீரென்று குளிர்காற்று அடித்தால் ஏணியைத் தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகட்டும்.