வாத்து வாங்குமுன் எறும்பைக் கவனியுங்கள்

கேள்வி: கேப் டவுனில் பணிபுரியும் நானும் நண்பர்கள் இருவரும் ஸ்டெல்லன்பாஷ் அருகே 12 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் ஒன்றைச் சிறிய ஒயின் ஆலையுடன் குத்தகைக்கு எடுக்கவிருக்கிறோம். அங்கே மாவுப்பூச்சிக்கு ஆண்டுதோறும் மருந்து அடித்து வந்திருக்கிறார்கள். வாத்துகளை மேயவிடும் பண்ணை ஒன்றை அண்மையில் பார்த்தோம். நாங்களும் வாத்து வளர்த்து, இயற்கை முறைக்கு மாறிச் சான்றிதழ் வாங்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது ஃபெர்கெனூக்ட் பண்ணையாக இருக்கலாம். அங்கே நூற்றுக்கணக்கான வாத்துகள் அணிவகுத்துச் சென்று, தளிரைக் கடிக்கும் நத்தைகளைப் பொறுக்குகின்றன. (பெயர் ‘இந்திய ஓட்ட வாத்து’, பூர்விகமோ இந்தோனேசியா.) ஆனால் பட்டைக்கு அடியிலும் வேரிலும் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியை வாத்து தேடிப் பிடிக்காது. நத்தைத் தொல்லை இல்லாத தோட்டத்தில் அது தீவனச் செலவு மட்டுமே.

மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. இலைச்சுருள் வைரஸைக் கொடிக்குக் கொடி கடத்துவதும் அதுதான். அது கழிக்கும் இனிப்பான திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, அதில் முட்டையிட வரும் சிறு குளவிகளையும் அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன. கொடி முழுவதும் மருந்து அடித்தால் குளவியும் பொறிவண்டும் சாகின்றன, பட்டைக்குள் இருக்கும் பூச்சி தப்பிவிடுகிறது. ஆண்டுதோறும் அடித்தும் பூச்சி குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். எனவே எறும்பு ஏறும் வழியை அடைப்பதிலிருந்து தொடங்குங்கள். வசந்தத்தில் எறும்பு நடமாட்டம் தொடங்கும்போது தண்டைச் சுற்றித் தடைப்பட்டை போடுங்கள். கம்பி தாங்கும் கம்பங்களை விட்டுவிட்டால் எறும்பு அவற்றின் வழியே ஏறிவிடும். கொடியைத் தொட்டு நிற்கும் ஒற்றைக் களைச்செடிகூட அதற்குப் பாலம்தான்.

ஏப்ரல் வாக்கில், அறுவடை முடிந்தபின், வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். செந்நிற ரகங்களில் இலை சிவந்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் அந்தக் கொடிக்கு நாடா கட்டி, பின்னர் வேரோடு அகற்றுங்கள். வெள்ளை ரகங்களில் கண்ணால் காண்பது கடினம் என்பதால் ஆய்வகச் சோதனை வேண்டும். சாமர்செட் வெஸ்டில் உள்ள ஃபெர்கெலெகன் பண்ணை, நோய்ப்பட்ட கொடிகளைப் பல ஆண்டுகள் விடாமல் அகற்றி, இந்த வைரஸை ஏறக்குறைய இல்லாமல் செய்திருக்கிறது.

அடுத்தது நீர். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கொடிக்குத் தண்ணீர் தேவைப்படுவதோ வறண்ட கோடையில். இலையுதிர் காலத்தில் வரிசைகளுக்கு இடையே ஓட்ஸ், டிரிட்டிகேல் (கோதுமையும் ரையும் கலந்த கலப்பினத் தானியம்) போன்றவற்றை விதைத்து, ஆகஸ்ட் இறுதியில் கொடி துளிர் விடுமுன் உருளையால் மடித்துப் போட்டால் அது கோடைக்கு மூடாக்காகிறது. தாமதித்தால் அதே பயிர் கொடியின் நீரைப் பறித்துக்கொள்ளும். ஓடைக்கரையில் ஆஸ்திரேலிய வேலமரங்கள் மண்டியிருந்தால் வெட்டுங்கள். நம் ஊர்க் கண்மாய்களில் சீமைக்கருவேலத்துடன் போராடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழப்படாத புதர்நிலம் கொஞ்சம் எஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். உழுவதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, உழுதபின் அந்தத் தாவரங்கள் எளிதில் மீள்வதில்லை.

ஆலையில் தரையைக் குழாய்நீரால் அடித்துக் கழுவுமுன் சக்கையைத் துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். கழிவுநீரைத் தனி உரிமம் இல்லாமல், அரசின் பொது அனுமதியின் கீழ்ப் பாசனத்துக்கு விடுவதானால், நாளொன்றுக்கு 50 கன மீட்டர் வரை அதன் வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கழிவைச் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சக்கையும் வண்டலும் கலந்த நீர் அந்த எல்லையை எளிதில் மீறிவிடும்.

இயற்கைச் சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து. இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சையாகப் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு அந்த முறை பெரிதும் நம்பியிருப்பது தாமிரத்தை. தாமிரம் சிதையாமல் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். தென்னாப்பிரிக்காவில் 1998 முதல் நடைமுறையில் உள்ள, சுற்றுச்சூழலுக்கு உகந்த முறைகளை வகுக்கும் ஒருங்கிணைந்த ஒயின் உற்பத்தித் திட்டத்தில் முதலில் சேருங்கள். அதன் விதிகளை நிறைவுசெய்த ஒயின்களுக்கு 2010 அறுவடையிலிருந்து தனி முத்திரை வழங்கப்படுகிறது. அத்திட்டம் மருந்து தெளித்த பதிவேட்டையும் கேட்கும். ஆகவே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், கடந்த ஆண்டுகளின் தெளிப்புப் பதிவேட்டை உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.