இயற்கைப் புவியியல் ஆய்வுகள் அரசின் பொருளாதாரத் திட்டமிடலுக்கு உண்மையில் பயன்படுகின்றனவா? முதுகலைக்கு அதை எடுக்கலாமா?

பயன்படுகின்றன. ஒரு மாநிலத்தின் தண்ணீர்ப் பங்கையே மாற்றும் அளவுக்கு.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரன்; காவிரிப் பாசனம் கடைசியாக வந்துசேரும் பகுதி அது. கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறேன். 2018 பிப்ரவரியில் வந்த காவிரித் தீர்ப்பைத்தான் மாணவர்களிடம் முதலில் சொல்வேன். காவிரிப் படுகையின் தமிழகப் பகுதியில் 20 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) நிலத்தடி நீர் இருப்பதாகக் கொண்ட உச்ச நீதிமன்றம், அளவுமீறி உறிஞ்சுவதன் ஆபத்தைக் கருதி அதில் 10 டிஎம்சியை மட்டும் கணக்கில் சேர்த்தது. அந்தப் பத்தும் பெங்களூருவின் தேவைக்கான 4.75-உம் கழிந்ததில், கர்நாடகத்திலிருந்து ஆண்டுதோறும் நமக்கு வரவேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆனது. பூமிக்கடியில் இருக்கும் நீரைப் பற்றிய ஒரு மதிப்பீடு, ஆற்றில் வரும் நீரைக் குறைத்தது!

மதிப்பீடு தவறு என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்த நீர் எங்கே இருக்கிறது? கும்பகோணம், பாபநாசம் பக்கம் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் மேட்டூர் அணை திறக்கும் முன்பே குறுவை என்னும் குறுகிய கால நெல்லுக்கு நாற்று விடுகிறார்கள். தலைஞாயிறு பக்கம் பல ஊர்களில் கிணறு தோண்டினால் உப்புநீர்தான். மழையும் ஆறும் கைவிட்டால் அங்கே வேறு வழியில்லை. மொத்தக் கணக்கில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

மண்ணும் அப்படித்தான். காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவில் நீரைப் பிடித்துவைக்கும் களிமண். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் மணல் கலந்த செம்மண் அதிகம். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மாவட்டம், ஒன்றியம் என்று எல்லை வகுத்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்க அந்த எல்லை போதும். அதை மனதார வரவேற்கிறேன். எங்கே எந்தப் பயிருக்கு ஊக்கம் தருவது, எந்த வடிகாலை முதலில் தூர்வாருவது என்று முடிவெடுக்க அது போதாது.

நல்ல முன்மாதிரியும் இங்கேயே உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்த வெண்ணாறு உபவடிநிலத் திட்டம், அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு என்று ஆறுகளை அலகாகக் கொண்டது. கடலோரத்தில் நிலம் ஏறக்குறைய சமதளம்; ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். எனவே கடல்நீரைத் தடுக்கும் கடைமடை இயக்கு அணை எங்கே அமைய வேண்டும் என்பதை நிலமட்டமும் ஓதமும் (கடலின் ஏற்றவற்றமும்)தான் சொல்ல முடியும்.

ஆகவே தயங்காமல் எடுங்கள். ஆய்வேட்டுக்கு டெல்டா முழுவதையும் எடுக்காமல், ஒரே ஒரு வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் உவர்ப்பு எதுவரை ஏறுகிறது என்று ஊர் ஊராக அளந்து வரைபடமாக்குங்கள். குறுவைக்கு எந்த ஊரை நம்பலாம் என்று முடிவெடுக்கும் வேளாண் அலுவலருக்கு அந்த வரைபடம் தேவை.