மின்சாரம் போன இரவில் மோடம் பேசுமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மூடிய கொட்டகையில் கறிக்கோழி வளர்க்கிறேன். சென்ற மாதம் நள்ளிரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல் நிறையக் கோழிகளை இழந்தேன். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்படி, என் மகள் சிம் அட்டை போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் பழைய சீரியல் மோடம் ஒன்றைச் சிறு கணினியோடு இணைத்துப் பைத்தான் நிரல் எழுதியிருக்கிறாள். சில நாள் செய்தி வருகிறது, சில நாள் வருவதில்லை. குஞ்சு இறக்கிய முதல் வாரத்தில் மட்டும் ஓயாமல் வருகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் இழப்பை நினைத்தால் மனம் வலிக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டியது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றாடி நின்ற மூடிய கொட்டகையில், விற்பனைக்கு நெருங்கிய கோழிகள் சில நிமிடங்களிலேயே திணறத் தொடங்கிவிடும். ஆகவே வெப்பம் ஏறட்டும் என்று நிரல் காத்திருக்கக் கூடாது. மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) சேர்த்து, மின்சாரம் போய் அது விடுபட்ட நொடியே செய்தி புறப்படச் செய்யுங்கள். கணினிக்கும் மோடத்துக்கும் தனி பேட்டரி அவசியம். வீட்டு இணையம் மின்சாரத்தோடு சேர்ந்து போய்விடும் என்பதால், புலனத்தை (வாட்ஸ்அப்) விட்டுக் குறுஞ்செய்தியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

முதல் வாரத் தொல்லைக்குக் காரணம் எளிது. அன்று பொரித்த குஞ்சுக்கு 32, 33 டிகிரி நாமே கொடுக்கிறோம். 30இல் மணியடித்தால் அது ஓயுமா? குஞ்சு இறக்கிய தேதியை நிரலில் எழுதி, எல்லையை வயதோடு மாற்றச் சொல்லுங்கள். முதல் வாரம் 36, அடுத்த வாரம் 33, பிறகு 30 என்று நான் வைப்பேன். முதல் வாரத்தில் 29க்குக் கீழே இறங்கினாலும் செய்தி வரட்டும். குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். பொய்ச் செய்தி நாலு நாள் வந்தால் ஐந்தாம் நாள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். அந்த இரவில்தான் காற்றாடி நிற்கும்.

செய்தி வராத நாள்களைப் பற்றி. இந்த மோடத்தோடு பேசுவது தந்தி அடிப்பது போன்றது: ஒன்று சொல்லி, பதில் வந்த பின்பே அடுத்ததைச் சொல்ல வேண்டும். 'ஏ.டி' என்று மோடத்தைக் கூப்பிட்டால் 'ஓ.கே.' என்று பதில் வர வேண்டும். எழுத்து முறைக்கு மாற 'ஏ.டி+சி.எம்.ஜி.எஃப்=1'. பிறகு 'ஏ.டி+சி.எம்.ஜி.எஸ்=' என்பதோடு மேற்கோள் குறிக்குள் உங்கள் கைப்பேசி எண். அப்போது மோடம் '>' என்ற குறியைக் காட்டும். அது வருமுன் செய்தியைத் தள்ளினால் பாதி தொலைந்துபோகும். முடிவில் கண்ட்ரோல்-இசட், அதாவது 26ஆம் எண் எழுத்து. அதை மறந்தால் மோடம் இன்னும் செய்தி எழுதுவதாக நினைத்து, அடுத்து வரும் கட்டளைகளையும் செய்தியாக விழுங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் 'சில நாள்' கோளாறு பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் எஸ்கேப் எழுத்தை (27) அனுப்பிப் பழைய மிச்சத்தைத் துடைக்கட்டும். அனுப்பிய பின் ஒரு நிமிடம்வரை காத்திருந்து, '+சி.எம்.ஜி.எஸ்:' என்ற பதில் வந்தால்தான் அனுப்பியதாகக் கொள்ள வேண்டும். பிழை வந்தால் மறுபடி முயலட்டும், வேறு எண்ணுக்கும் அனுப்பட்டும்.

கொட்டகையின் தகரக் கூரை அலையை மறைக்கும். ஆண்டெனாவை வெளியே கம்பத்தில் கட்டுங்கள். 'ஏ.டி+சி.எஸ்.கியூ' கேட்டால் அலையின் வலிமையைக் காட்டும் ஓர் எண் 0 முதல் 31 வரை வரும். 10க்குக் கீழே என்றால் நம்ப வேண்டாம். நம் மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. உங்கள் பழைய மோடம் அதை நம்பியதா என்று பார்த்து, முடிந்தால் 4ஜி மோடமாக மாற்றிவிடுங்கள்.

தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான். 'கோழி' என்பதையே மோடம் நான்காக எண்ணும். ஆங்கில எழுத்தில் 160 வரை இடமுண்டு. 'கிப்பாஸ் மாத்தி' (காற்றாடி நின்றுவிட்டது) என்று மலாய்மொழியில் ஆங்கில எழுத்தில் அனுப்பினால் இந்தோனேசியத் தொழிலாளரும் உடனே படித்துவிடுவார்.

நான் பார்த்த ஒரு பண்ணையில் எல்லாம் சரியாக இருந்தும், முன்கட்டண சிம் காலாவதியாகி மோடம் ஊமையாகிக் கிடந்தது. கோழிகள் செத்த பிறகே அது தெரிந்தது. அதனால் தினமும் மாலை 7 மணிக்கு, 'நலம், வெப்பம் இவ்வளவு' என்று ஒரு செய்தி வரவேண்டும். வராத நாளில் உடனே கொட்டகைக்குப் போங்கள். அலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் போகலாம் என்பதால், பேட்டரியில் ஓடும் அபாயச் சங்கு ஒன்றும் கொட்டகையில் இருக்கட்டும். மின்சாரம் போனதும் தானே விழும் பக்கத் திரையும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த குஞ்சு இறக்குமுன், கொட்டகை காலியாக இருக்கும்போது ஓர் இரவு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். செய்தி வர எத்தனை நொடி, எழுந்து ஓடிப் போய் ஜெனரேட்டரைக் கிளப்ப எத்தனை நிமிடம் என்று மகளைக் கடிகாரத்தோடு நிற்க வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், இரவில் கொட்டகைப் பக்கத்திலேயே ஒருவர் படுக்க வேண்டும்.